தலைமடையும் கடைமடையும்: ஹவாய்த் தீவு மக்களின் கூடிவாழும் நெறி

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



தலைமடைக்காரர் மனம் வைத்தாலன்றிக் கடைமடைக்காரரின் பயிர் பிழைக்காது என்பதை உங்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆற்றில் நீர் நிறைந்தோடும் காலத்தில் எல்லாரும் நல்லவரே. நீர் குறையும் காலத்தில்தான் ஓர் ஊரின் உள்ளம் எத்தகையது என்பது வெளிப்படுகிறது. இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு தம் வாழ்வை அமைத்துக்கொண்ட ஒரு மக்களைப் பற்றி இன்று நாம் சிறிது சிந்திப்போம். அவர்கள் பசிபிக் மாகடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளின் மக்கள்.

அத்தீவுகள் கலிபோர்னியாக் கரையிலிருந்து ஏறத்தாழ 2,400 மைல் தொலைவில் உள்ளன. எரிமலைக் குழம்பு இறுகி எழுந்த நிலம் அது. பெரிய தீவுகள் எட்டு. அவற்றுள் ஏழில் மக்கள் வாழ்கின்றனர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், விண்மீன்களையே வழிகாட்டியாகக் கொண்டு, தென்கடல் தீவுகளிலிருந்து பெருந்தோணிகளில் வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்களே அங்குள்ள ஆதிக்குடிகள். தனி அரசாக விளங்கிய அந்நாடு 1898ஆம் ஆண்டு அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. 1959ஆம் ஆண்டு ஐம்பதாவது மாநிலமாயிற்று.

ஹவாய் என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது 'அலோஹா' என்னும் சொல். சந்திக்கும்போதும் பிரியும்போதும் அவர்கள் கூறும் முகமன் அது. அன்பு, இரக்கம் என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. இவ்வுணர்வை 1986ஆம் ஆண்டில் மாநிலச் சட்டத்திலேயே எழுதி வைத்தனர். ஆயினும் சட்டத்தில் எழுதியதனால் மட்டும் ஓரூரில் அன்பு விளைந்துவிடாது. அது எந்த நிலத்தில், எந்த உழைப்பில் விளைந்தது என்பதே நாம் அறிய வேண்டியது.

மலை முதல் கடல் வரை

பண்டைய ஹவாயில் நிலம் 'அஹுபுவாஆ' என்னும் பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பிரிவும் பெரும்பாலும் மலையுச்சியில் தொடங்கி, ஓடையைத் தழுவி இறங்கி, கடற்கரையைக் கடந்து மீன்பிடிக்கும் ஆழமற்ற கடற்பரப்பு வரையில் நீண்டு கிடக்கும். மேலே காடு; நடுவே வயல்; கீழே கடல். காட்டிலிருப்பவர் மரமும் நாரும் கொண்டு வருவர். வயலிலிருப்பவர் கிழங்கு தருவர். கரையிலிருப்பவர் மீனும் உப்பும் தருவர். மேலே காடு கெட்டால் கீழே மீன் கெடும் என்பதை அவர்கள் கண்கூடாக அறிந்திருந்தனர். இப்பிரிவின் நிலத்தையும் நீரையும் மேற்பார்க்கும் அதிகாரிக்குக் 'கோனோஹிக்கி' என்று பெயர்.

அவர்களுடைய முதன்மையான பயிர் 'காலோ'. இது நாம் சேப்பங்கிழங்கு என்று வழங்கும் அதே பயிர்தான். கிழங்கை வேகவைத்து இடித்து, நீர் சேர்த்துப் பிசைந்து உண்பர். இதனை நெல்லைப் போலவே வரப்புக் கட்டிய வயல்களில் நீர் நிறுத்தி வளர்ப்பர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வயலில் நீர் தேங்கிச் சூடேறினால் கிழங்கு அழுகிவிடும். குளிர்ந்த நீர் ஓயாது உள்ளே வந்து ஓயாது வெளியேற வேண்டும். ஆகவே நீரை அடுத்த வயலுக்கு விடாமல் அடைத்து வைப்பவர் தம் பயிரையே கெடுத்துக்கொள்கிறார். பிறர்க்கு விடுவதே தமக்கும் நன்மை என்னும் பாடத்தை வயலே நாள்தோறும் கற்பித்தது.

வயல் கற்பித்ததை வழக்கமும் உறுதி செய்தது. ஓடையின் குறுக்கே கட்டும் அணை தாழ்ந்ததாகவும், கற்களை நெருக்கமின்றி அடுக்கியதாகவும் இருக்க வேண்டும். நீர் அதனூடே கசிந்து கீழே ஓட வேண்டும். அணைக்குக் கீழே ஓடையில் ஓடும் நீரைவிட மிகுதியான நீரை வாய்க்காலில் திருப்பலாகாது. வயல்களைக் கடந்த நீர் மீண்டும் ஓடையையே சேரும். வாய்க்கால் வெட்டுவதற்கு எந்தப் பகுதியார் எத்தனை ஆட்களை அனுப்பினரோ, அதற்கேற்பவே நீர்முறை வகுக்கப்பட்டது. தூர்வாரும் பணிக்கு வாராதவர் நீரில் பங்கு கேட்க இயலாது.

அவர்கள் மொழியும் இதற்குச் சான்று பகர்கிறது. நீருக்கு 'வை' என்று பெயர். செல்வத்துக்கு 'வைவை' என்று பெயர். பலர் கூடிச் செய்யும் வேலை 'லவுலிமா'. பல கைகள் என்பது அதன் பொருள். பயன் கருதாது செய்யும் உதவி 'கோக்குவா'. குடும்பத்தைக் குறிக்கும் 'ஒஹானா' என்னும் சொல், சேப்பங்கிழங்கின் தாய்க்கிழங்கைச் சுற்றி எழும் பக்கக்கன்றின் பெயரிலிருந்து பிறந்தது என்பர்.

இதனால் அக்காலம் குறையற்ற பொற்காலம் என்று நாம் கருதிவிடலாகாது. குலத் தலைவர்களின் ஆணை கடுமையாக இருந்தது, போர்களும் நிகழ்ந்தன. எனினும் அத்தலைவர்களுள் ஒருவரே எளியோர்க்காகச் சட்டம் செய்ததும் உண்டு. பிற்காலத்தில் தீவுகளை ஒன்றுபடுத்திய மன்னர் கமேஹமேஹா, இளமையில் மீனவர் சிலரைத் தாக்கச் சென்றபோது அவருடைய கால் பாறைப் பிளவில் சிக்கிக்கொண்டது. மீனவர் ஒருவர் துடுப்பால் அவர் தலையில் ஓங்கி அடிக்க, துடுப்பு சிதறிற்று. பின்னாளில் அம்மீனவர் தம் முன் நிறுத்தப்பட்டபோது மன்னர் அவரைத் தண்டிக்கவில்லை. தவறு தம்முடையதே என்று உணர்ந்தார். முதியோரும் பெண்டிரும் குழந்தைகளும் வழியோரத்தில் அச்சமின்றிப் படுத்துறங்கலாம் என்று 1797ஆம் ஆண்டு ஆணை பிறப்பித்தார். 'சிதறிய துடுப்பின் சட்டம்' என்னும் அவ்வாணை, 1978 முதல் ஹவாய் மாநில அரசியலமைப்பிலும் இடம்பெற்றுள்ளது.

நெறி முறிந்த காலம்

1848ஆம் ஆண்டு நிலம் தனியுடைமையாகப் பிரித்து வழங்கப்பட்டது. அதன்பின் பெரும்பரப்பு கரும்புத் தோட்டக் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. கரும்புக்கு நீர் மிகுதியாக வேண்டும். ஒவாகு தீவில் 1913 முதல் 1916 வரை மலையைக் குடைந்து 'வையாஹோலே' கால்வாய் அமைத்தனர். மழை மிகுந்த கிழக்குப் பள்ளத்தாக்குகளின் நீர், வறண்ட மறுபுறத்துக் கரும்புத் தோட்டங்களுக்குத் திருப்பப்பட்டது. மேலே எடுத்தது மிகுதி. கீழே விட்டது சொற்பம். ஓடைகள் மெலிந்தன, சேம்பு வயல்கள் பாழாயின. தலைமடைக்காரருக்குக் கடைமடைக்காரரின் முகமே தெரியாத நிலை வந்தபோது பழைய நெறி முறிந்தது.

1995ஆம் ஆண்டு அக்கரும்புத் தோட்டம் மூடப்பட்டது. அந்நீரை யார்க்குத் தருவது என்னும் வழக்கு எழுந்தது. ஓடை தங்கள் ஊருக்கே மீள வேண்டும் என்று பள்ளத்தாக்கின் சிறு விவசாயிகள் போராடினர். நீர் எவர்க்கும் தனியுடைமையன்று; மக்கள் அனைவர்க்காகவும் அரசு அறங்காவலராக நின்று காக்க வேண்டிய பொதுச் சொத்து என்பதை மாநில உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு உறுதி செய்தது. நீரில் ஒரு பகுதி ஓடைக்குத் திரும்பிற்று. பாழ்பட்ட வயல்கள் சிலவற்றில் மீண்டும் சேம்பு விளைகின்றது. இழந்ததைப் பெற மூன்று தலைமுறைக் காலம் ஆயிற்று என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

அந்தக் கரும்புத் தோட்டங்களிலேயே பிறிதொரு வகையான அன்பு முளைத்ததையும் இங்குக் கூற வேண்டும். சீனர், போர்த்துகீசியர், ஜப்பானியர், கொரியர், பிலிப்பைன்ஸ் மக்கள் எனப் பல நாட்டுக் கூலியாட்கள் அங்குக் கொண்டுவரப்பட்டனர். நண்பகலில் தூக்குப்பாத்திரங்களைத் திறந்து, ஒருவர் கறியை மற்றவர் சுவைத்துப் பழகினர். எல்லாருக்கும் பொதுவாக ஒரு கலப்பு மொழியும் பிறந்தது. ஜப்பானியர் தமக்குள் 'தனோமோஷி' என்னும் முறையை நடத்தினர். அது நம் சீட்டைப் போன்றதே. மாதந்தோறும் அனைவரும் பணம் போட, முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்வார். வங்கி கடன் தராத ஏழைகள் அதைக்கொண்டு சிறு கடைகள் வைத்தனர். 1909ஆம் ஆண்டு ஜப்பானியர் மட்டும் செய்த வேலைநிறுத்தம் தோற்றது. 1946ஆம் ஆண்டு எல்லா இனத்தாரும் சேர்ந்து, ஏறத்தாழ 26,000 பேர், 79 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பொதுச் சமையற்கூடங்கள் அமைத்து, மீன்பிடித்தும் காய்கறி பயிரிட்டும் ஒருவர்க்கொருவர் உணவளித்து வென்றனர்.

கல் சுமந்த கைகள்

ஒவாகு தீவில் 'ஹேயேயா' என்னுமிடத்தில் 88 ஏக்கர் பரப்புள்ள கடலோர மீன்குளம் ஒன்று உண்டு. 600 முதல் 800 ஆண்டுகளுக்கு முன்னர் 1.3 மைல் நீளச் சுவரெழுப்பி அதனை அமைத்தனர். சிறு மீன்கள் உள்ளே வரவும், வளர்ந்த மீன்கள் வெளியேறாதிருக்கவும் அளவாக இடைவெளி விட்ட மதகுகள் அதில் உண்டு. 1965ஆம் ஆண்டு வெள்ளத்தில் சுவர் உடைந்தது. குளம் கைவிடப்பட்டு அலையாத்தி மரங்கள் மண்டின. 2001 முதல் இளைஞர் சிலர் ஒன்றுகூடித் திருத்தத் தொடங்கினர். விடுமுறை நாட்களில் மக்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கல் சுமந்தனர். 2015ஆம் ஆண்டு இறுதியில், ஐம்பது ஆண்டுகளாகத் திறந்து கிடந்த உடைப்பு அடைக்கப்பட்டது.

கவாய் தீவின் நிகழ்ச்சியொன்று பஞ்சாயத்து உறுப்பினர்களாகிய உங்கள் கவனத்துக்குத் தனியே உரியது. 2008ஆம் ஆண்டு டிசம்பரில் பெய்த பெருமழையில் 'போலிஹாலே' கடற்கரைப் பூங்காவுக்குச் செல்லும் சாலையும் பாலமும் சேதமுற்றன. செப்பனிட 40 லட்சம் டாலர் வேண்டும் என்று அரசு மதிப்பிட்டது, நிதியோ இல்லை. கடற்கரையை நம்பிப் பிழைப்பு நடத்தியவர்கள் காத்திருக்க இயலவில்லை. 2009ஆம் ஆண்டு மார்ச்சில் ஊர்மக்களும் வியாபாரிகளும் ஒன்றுகூடினர். ஒருவர் இயந்திரம் தந்தார். ஒருவர் இரும்பு தந்தார். உழைத்தவர்க்கு உணவு தந்தார் ஒருவர். எட்டே நாட்களில் வேலை முடிந்தது. அரசு செய்ய வேண்டியதை மக்கள் செய்தாக வேண்டும் என்பதற்காக இதைக் கூறவில்லை. கூடிப் பழகிய ஊர் இடர் வந்தபோது எவ்வளவு விரைவில் எழுந்து நிற்கிறது என்பதற்கே கூறினோம்.

அதே தீவின் ஹனலே பகுதியில் ஒரு வண்டி மட்டுமே செல்லத்தக்க ஒற்றைப் பாலங்கள் உள்ளன. ஐந்து முதல் ஏழு வண்டிகள் ஒரு புறமிருந்து சென்றதும், அடுத்த வண்டி தானே நின்று எதிர்ப்புறத்தாருக்கு வழிவிடுவது அங்குள்ள வழக்கம். காவலர் எவரும் நிற்பதில்லை. வழிவிட்டவருக்கு மற்றவர் கையசைத்து நன்றி கூறிச் செல்வார். இது சிறிய செயல்தான். ஆயினும் ஓடை நீரை முறைவைத்துப் பகிர்ந்த அதே நெறியன்றோ இதுவும்? மாங்காய் மிகுந்து காய்த்தால் அண்டை வீட்டு வாயிலில் வைத்துவிட்டுப் போவதும், உறவல்லாத முதியோரையும் மாமா, அத்தை என்பது போல் முறை சொல்லி அழைப்பதும் அங்கு அன்றாட வழக்கங்கள்.

தீயிலே தெரிந்தது

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் மாவுயி தீவின் லஹைனா நகரைக் காட்டுத்தீ அழித்தது. ஏறத்தாழ நூறு பேர் உயிரிழந்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. சாலைகள் அடைபட்டபோது, அண்டைப் பகுதிகளிலிருந்தும் தீவுகளிலிருந்தும் மக்கள் தம் சொந்தப் படகுகளில் நீரும் உணவும் மருந்தும் ஏற்றிவந்து கடற்கரையில் இறக்கினர். இடுப்பளவு நீரில் வரிசையாக நின்று பெட்டிகளைக் கைமாற்றினர். வீடிழந்தவர்களே பிற வீடிழந்தவர்க்கு உணவு வழங்கினர். அன்று அவர்களுக்கு எவரும் பயிற்சி அளிக்க வேண்டியிருக்கவில்லை. கைமாற்றும் பழக்கம் முன்பே அவர்கள் கைகளில் இருந்தது.

ஆனால் இன்னொன்றையும் நாம் மறைத்தலாகாது. மூடப்பட்ட கரும்புத் தோட்டங்களின் தரிசு நிலத்தில் மண்டிக் காய்ந்த அயல்நாட்டுப் புல் தீயை வளர்த்தது. ஒருகாலத்தில் நீர்வளம் மிகுந்த ஊராக விளங்கியது லஹைனா. அதன் நீர் பல ஆண்டுகளாக வேறிடங்களுக்குத் திருப்பப்பட்டிருந்தது. மக்களின் அன்பு பசித்தவர்க்கு உணவளித்தது; ஆனால் முன்கூட்டியே காத்திருக்க வேண்டிய நிலத்தையும் நீரையும் அவ்வன்பு மட்டும் மீட்டுவிடவில்லை.

அன்பர்களே! இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? நல்லுள்ளம் மட்டும் போதாது. அதற்கு ஓர் அளவும் முறையும் வேண்டும். எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு கீழே விட வேண்டும், வேலைக்கு யார் யார் வர வேண்டும் என்பது ஊரறிய வகுக்கப்பட்டிருந்தால், அன்பு ஒருவர் மனநிலையைச் சார்ந்து நிற்க வேண்டுவதில்லை. முறையும் ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது. மேலிருப்பவர் கீழிருப்பவரின் முகத்தை அறிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறையேனும் தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் வாய்க்கால் முழுவதையும் ஒன்றாக நடந்து பார்த்து வருவது நலம். பாதிச் சச்சரவு அந்த நடையிலேயே தீரும். ஹவாய் விவசாயி கற்களை நெருக்கமின்றி அடுக்கியது கட்டத் தெரியாமையால் அன்று. கீழே ஒருவர் இருக்கிறார் என்னும் நினைவால். அந்நினைவு நம் ஊர் ஒவ்வொன்றிலும் நிலைபெறுமாக.