லண்டனில் எழுதிய புத்தகமும் எங்கள் வீட்டுக் கதைகளும்



சண்டிலிப்பாயில் ஒருவர் முன்னுக்கு வந்துவிட்டால் அவர் ஊர் முழுவதற்கும் சொந்தக்காரர்தான். அந்த உரிமையில்தான் லண்டனில் பெயரெடுத்த அ. சிவானந்தனை எங்கள் ஆள் என்று சொல்லிக்கொள்கிறோம். 1923இல் கொழும்பில் பிறந்தவர். தகப்பனார் எங்கள் ஊரிலிருந்து தபால் பகுதி உத்தியோகத்துக்குப் போனவர். மகன் இனவெறிக்கு எதிராக எழுதி, லண்டன் இன உறவுகள் நிறுவனத்தின் பணிப்பாளராகி, 2018இல் காலமானார்.

இந்தப் பெருமையே போதும் என்று இருந்துவிட்டோம். 1997இல் வெளியான அவருடைய 'வென் மெமரி டைஸ்' நாவலை மிகவும் பிந்தித்தான் வாசித்தோம். ஆங்கிலத்தில் இருந்தது எங்களுக்கு ஒரு சாட்டு! அது சுயசரிதை அல்ல. மூன்று தலைமுறைக் கதை. ஆனால் இங்கிருந்து கொழும்புக்குப் போய்த் தபால் பகுதியில் சேரும் சகாதேவனை வாசித்தபோது, எங்கள் அப்பப்பாமாரின் முகந்தான் தெரிந்தது.

மாதம் பிறந்தால் மணியோடர் வரும் என்பதுதான் எங்கள் வீடுகளில் சொல்லப்பட்ட கதை. ஒரு பெடியனை ஆங்கிலம் படிப்பிக்க, மழையை நம்பிய வயல் எப்படி ஈடு போனது, அவன் உழைப்புக்குப் பின்னால் எத்தனை தங்கைமாரின் சீதனம் காத்துக்கிடந்தது என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

சிவானந்தன் 1958 கலவரத்தோடு நாட்டை விட்டவர். இங்கே வங்கி முகாமையாளர். இங்கிலாந்தில் அந்த வேலை கிடைக்காமல் ஒரு நூலகத்தில் தேநீர் போட்டுக் கொடுத்தார். பிறகு நூலகராகப் படித்து, 1964இல் அந்த நிறுவனத்தின் நூலகத்தில் சேர்ந்தார். இதை அவர் ஒளிக்கவில்லை. ஒளித்தவர்கள் நாங்கள். பாரிசிலும் லண்டனிலும் எங்கள் தம்பிமார் கோப்பை கழுவியதை, கலியாணம் பேச வந்தவர்களிடம் "கொம்பனியில் வேலை" என்றுதானே சொன்னோம்?

புத்தகத்தை வாசித்த பிறகு எங்களில் சிலர் வீட்டிலே கேட்கத் தொடங்கினோம். ஒரு சினேகிதியின் பெரியம்மாவுக்குத் தொண்ணூறு வயதாகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவர். அவருடைய தம்பி பெரிய பொறியியலாளர். படம் மாலையோடு விறாந்தையில் தொங்குகிறது. "எனக்குப் படிப்பு ஏறேல்லை" என்றுதான் பெரியம்மா இவ்வளவு காலமும் சொல்லிவந்தார். இந்த முறை வற்புறுத்திக் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இரண்டு பேருக்கும் காசு காணாது, தம்பி படிக்கட்டும் எண்டு ஐயா சொன்னார். வகுப்பிலை நான்தான் முதலாம் பிள்ளை" என்றார்.

மலருக்காகப் பழைய இடாப்புகளைப் புரட்டியபோது அவர் பெயரைக் கண்டோம். விலகிய காரணம் என்ற இடத்தில் 'சொந்த விருப்பம்' என்று எழுதியிருக்கிறது.

பெரியம்மா இன்று இரண்டாம் வரிசையில் இருக்கிறார். தேநீர் நேரத்தில் பக்கத்தில் போய் இருந்து கேளுங்கள். இப்போது சொல்லுகிறார்.