மணவிலக்குத் தீர்ப்பின் நகல்: எங்கே கேட்பது, யார் கேட்கலாம்?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பார்க்கிங்கில் நிற்கும்போது உங்களில் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. "பொண்ணுக்கு ஒரு வரன் வந்திருக்கு. பையனுக்கு இது ரெண்டாவது கல்யாணம். முதல் கல்யாணம் கோர்ட்ல முடிஞ்சிடுச்சுன்னு சொல்றாங்க. அதை எங்க போய்ப் பார்க்கறது?" இன்னும் சிலர் வேறு விதமாகக் கேட்கிறார்கள். பத்து வருடம் முன்பு தங்களுக்கே மணவிலக்கு ஆகியிருக்கும். இப்போது பாஸ்போர்ட்டுக்கோ விசாவுக்கோ தாள் வேண்டும், கையில் இருக்காது. இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வரும் திருமணங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். திருமணத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. நாடு முழுவதற்குமான மணவிலக்குப் பதிவேடு எதுவும் நம்மிடம் இல்லை. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம்தான். ஆனால் பின்னால் மணவிலக்கு ஆனால் சார்பதிவாளர் அலுவலகப் பதிவு தானாக மாறிவிடாது. ஆகவே வழக்கை முடித்த நீதிமன்றத்தைத்தான் தேடிப் போக வேண்டும்.

எந்த நீதிமன்றம்? ஓசூரில் இந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல முடியாது. இங்கே வேலை, கல்யாணம் பெங்களூரில், பெண் வீடு குப்பத்தில் என்று மூன்று மாநிலத்தில் காலை வைத்து வாழ்கிறவர்கள் நாம். சட்டத்தின் 19ஆம் பிரிவை வைத்துத் தேடலாம். திருமணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி மனுப் போட்டால் அவர் வசிக்கும் ஊர். பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில்தான் வழக்கு நடந்திருக்கும். அந்த ஊருக்குக் குடும்ப நல நீதிமன்றம் இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் சார்பு நீதிமன்றத்தில். பெங்களூரு நகரம் என்றால் சித்தையா சாலையில் உள்ள நியாய தேகுலா கட்டடம். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004இல். அதற்கு முன் முடிந்த வழக்கின் தாள்களில் தர்மபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

வழக்கு எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தமிழ்நாட்டில் எச்.எம்.ஓ.பி. என்றும் கர்நாடகத்தில் எம்.சி. என்றும் எண்ணுக்கு முன்னால் இருக்கும். இ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் செயலியிலும் ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற 16 இலக்கக் குறியீடு உண்டு. தமிழ்நாட்டு வழக்கு டி.என். என்றும் கர்நாடக வழக்கு கே.ஏ. என்றும் தொடங்கும். அதைப் போட்டால் வழக்கு நிலுவையில் உள்ளதா, என்றைக்கு முடிந்தது என்பது தெரியும். குடும்ப வழக்குகளில் பெயர் மறைந்திருக்கலாம், தீர்ப்பைத் திறக்க முடியாமலும் போகலாம். திரையில் தெரிவதை அச்செடுத்தால் அது சான்றாகாது.

சான்றிட்ட நகல் வாங்க, அந்த நீதிமன்றத்தில் நகல் மனு போட வேண்டும். வழக்கு எண், இரு தரப்புப் பெயர், தீர்ப்புத் தேதி, எந்தத் தாள் வேண்டும் என்று எழுதி, கட்டண வில்லை ஒட்டிக் கொடுங்கள். தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டையும் கேளுங்கள். தீர்ப்பு காரணங்களைச் சொல்வது. திருமணம் ரத்து என்ற முடிவைச் சுருக்கமாகச் சொல்வது தீர்ப்பாணை. மணவிலக்கு வழங்கும் நீதிமன்றம் இரு தரப்புக்கும் தீர்ப்பாணையின் ஒரு நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று 23ஆம் பிரிவு சொல்கிறது. பலர் அதை வாங்காமலே வந்துவிடுகிறார்கள். வெளிநாட்டுக்குத் தேவை என்றால் கன்னடத்திலோ தமிழிலோ உள்ள தீர்ப்புக்கு மொழிபெயர்ப்பும், மாநில அரசின் சான்றொப்பமும், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டிலும் கேட்பார்கள்.

அடுத்தவர் வழக்கின் நகலை நாம் கேட்கலாமா? எதற்காக வேண்டும் என்று பிரமாணப் பத்திரம் போட்டு, நீதிமன்றம் ஒப்புக்கொண்டால்தான் கிடைக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாமே என்று கேட்காதீர்கள். நீதிமன்ற ஆவணங்களை அந்தந்த நீதிமன்ற விதிகளின்படிதான் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இலேயே சொல்லிவிட்டது. வரன் பார்க்கும் வீட்டார் செய்ய வேண்டியது எளிது. மாப்பிள்ளை வீட்டாரிடமே சான்றிட்ட நகலைக் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள், இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நகலில் நீதிமன்ற முத்திரை, நகல் மனு எண், விண்ணப்பித்த தேதி, வழங்கிய தேதி இருக்கும். சி.என்.ஆர். எண்ணைக் கொண்டு ஒத்துப் பாருங்கள்.

இன்னும் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, மேல்முறையீடு. இந்து திருமணச் சட்டத்தில் அதற்கு 90 நாள் தரப்பட்டிருக்கிறது. அந்தக் காலம் முடிந்து, மேல்முறையீடு எதுவும் இல்லை என்றால்தான் மறுமணம். இரண்டு, ஒருதலைபட்சத் தீர்ப்பு. சம்மனே வரவில்லை என்று மற்றவர் பின்னால் வந்து அதை ரத்து செய்யக் கேட்க முடியும். ஆகவே தீர்ப்பை வழக்கறிஞரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். மூன்று, பத்திரத்தில் எழுதிக்கொண்ட பிரிவு. ஊர்ப் பெரியவர்கள் முன் கையெழுத்துப் போட்டு நோட்டரி முத்திரை வைத்ததால் அது தீர்ப்பாணை ஆகாது. வழக்காற்று மணமுறிவைச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த வழக்காறு இருப்பதை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் இரண்டாம் திருமணமே செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. முதல் திருமணத்தை மறைத்துச் செய்திருந்தால் 10 ஆண்டு வரை. இதில் அதிகம் நஷ்டப்படுவது ஒன்றும் அறியாமல் கழுத்தை நீட்டிய பெண்தான்.

மணவிலக்கு ஆனவர்களுக்கு ஒரு வார்த்தை. வைப்பு நிதி, காப்பீடு, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் நியமனதாரர் பெயர் தானாக மாறாது. நீங்கள்தான் மாற்ற வேண்டும். செலவுக்கு அஞ்சுபவர்களுக்கு இலவச சட்ட உதவி இருக்கிறது. பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. அழைக்க வேண்டிய எண் 15100.

கடைசியாக, நம் குடியிருப்புக்கு. இந்த வழக்குகள் மூடிய அறையில் விசாரிக்கப்படுபவை. இவற்றின் விவரத்தை வெளியிடுவது 22ஆம் பிரிவின் கீழ் 1,000 ரூபாய் வரை அபராதத்துக்குரிய குற்றம். பக்கத்து வீட்டாரின் தீர்ப்பு கைக்கு வந்தால் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தனியாக வாடகைக்கு வரும் பெண்ணிடம் அடையாள அட்டையும் வாடகை ஒப்பந்தமும் கேட்போம். மணவிலக்குத் தீர்ப்பைக் கேட்பது சங்கத்தின் வேலை அல்ல. மகளைக் கொடுக்கப் போகிறவர் கேட்கலாம். மற்றவர்களுக்கு அது தேவையில்லை.

உங்கள் தீர்ப்பாணை வீட்டில் எந்த ஃபைலில் இருக்கிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால், திங்கட்கிழமை நகல் மனு போடுங்கள்.