பிள்ளை மனசுக்கும் காய்ச்சல் வரும்

(தொடர் கல்வி மையக் கூட்டத்தில் பேசிய பேச்சு)



பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் என்ன செய்வார்கள்? நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஈரத் துணி போடுவார்கள். கஞ்சி கொடுப்பார்கள். குறையாவிட்டால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். "ஏன்டா காய்ச்சலை வரவழைத்தாய்?" என்று யாரும் பிள்ளையை அடிக்க மாட்டார்கள்.

மனசுக்கும் காய்ச்சல் வரும். ஆனால் அதை நெற்றியில் கை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் வந்ததே தெரியாமல் போகிறது. பிள்ளை படிக்காமல் உட்கார்ந்திருந்தால் "சோம்பேறி" என்கிறார்கள். எரிந்து விழுந்தால் "திமிர்" என்கிறார்கள். அடியும் விழுகிறது. காய்ச்சல் மட்டும் உள்ளே ஏறிக்கொண்டே போகிறது.

இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

எத்தனை பிள்ளைகளுக்கு?

பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்று ஒரு பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறது. மத்திய அரசின் நிறுவனம் அது. 2015-16இல் அந்த நிறுவனம் மனநலம் பற்றித் தேசிய அளவில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 13 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளில் 100 பேருக்கு 7 பேர் மனநலக் குறைவால் அவதிப்படுவது அதில் தெரிந்தது. 40 பிள்ளைகள் படிக்கும் ஒரு வகுப்பை நினைத்துப் பாருங்கள். அதில் இரண்டு மூன்று பேருக்கு இந்த வேதனை இருக்கும்.

இன்னொரு கணக்கு. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட கணக்கு இது. பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் இதில் அடக்கம். ஒரு நாளைக்கு 35 பேருக்கு மேல் என்று ஆகிறது.

சரியான நேரத்தில் துணை கிடைத்தால் இப்படிப்பட்ட சாவுகளைத் தடுக்க முடியும். அந்தத் துணை யார்? முதல் துணை வீட்டில் இருப்பவர்கள்தான்.

திங்கட்கிழமை வயிற்று வலி

ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். தர்மபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்காக பெங்களூர் போன குடும்பம். அப்பா சென்ட்ரிங் வேலை. அம்மா இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார். பையனை அங்கே கன்னடப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் சேர்த்தார்கள்.

மூன்று மாதம் ஆயிற்று. திங்கட்கிழமை காலை வந்தால் பையனுக்கு வயிற்று வலி. டாக்டர் பார்த்தார். மாத்திரை கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருப்பான். திங்கட்கிழமை மறுபடியும் வலிக்கும். "நடிக்கிறான்" என்று அப்பா இரண்டு அடி போட்டார். பையன் பேசுவதையே குறைத்துக்கொண்டான். விளையாடப் போகவில்லை. ராத்திரி தூங்காமல் புரண்டான்.

ஒரு நாள் சாயங்காலம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பையனையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. தன் கதையைச் சொன்னார். "இங்கே பஸ் பலகை எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் இருப்பவரைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஒரு தடவை தப்புப் பஸ்ஸில் ஏறிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சோறே இறங்கவில்லை" என்றார்.

பையன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "என்னையும் கன்னடப் பாடம் சத்தமாகப் படிக்கச் சொல்கிறார்கள் அம்மா. எனக்கு வரவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்கள்."

அம்மா மறுநாள் பள்ளிக்குப் போய் வகுப்பு ஆசிரியரைப் பார்த்தார். தெரிந்த கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னார். மறுநாள் படிக்க வேண்டிய பகுதியை முதல் நாளே பையனுக்குக் காட்டுவதாக ஆசிரியர் சொன்னார். சிரித்த பிள்ளைகளையும் கண்டித்தார். பக்கத்து வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் தினமும் அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தாள். வயிற்று வலி கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

பையன் நடிக்கவில்லை. வலி உண்மையான வலி. மனசு தாங்க முடியாததை உடம்பு சொன்னது.

பெரிய வயதில் எழுத்துக் கற்றவர்களுக்கு இந்தப் பையனின் வலி நன்றாகப் புரியும். ரேஷன் கடையில், பேங்கில், மற்றவர்கள் எதிரே கைநாட்டு வைத்தபோது மனசு எப்படிக் கூசியது? அந்தக் கூச்சத்தை மறக்காதீர்கள். பிள்ளையைப் புரிந்துகொள்ள அது உதவும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கீழே சொல்லும் அடையாளங்களைப் பாருங்கள்.

சின்னப் பிள்ளைகள் என்றால்: படுக்கையில் சிறுநீர் கழிப்பது நின்றுபோய் மறுபடி தொடங்கும். அம்மாவை விட்டு நகராது. ராத்திரி அலறி எழும். அடிக்கடி வயிற்று வலி, தலைவலி என்று சொல்லும்.

வளர்ந்த பிள்ளைகள் என்றால்: தூக்கமும் சாப்பாடும் மாறும். நண்பர்களை விட்டு விலகுவார்கள். பிடித்த விளையாட்டும் பிடிக்காமல் போகும். நன்றாகப் படித்த பிள்ளையின் மார்க் திடீரென்று குறையும். காரணம் இல்லாமல் அழுவார்கள், கோபப்படுவார்கள். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பார்கள்.

ஒரு நாள் இப்படி இருந்தால் பயப்பட வேண்டாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் மனசு சரியில்லாத நாள் வரும். இரண்டு வாரமாகியும் மாறவில்லை என்றால் சும்மா இருக்கக் கூடாது.

முதல் மருந்து காது

மனசின் காய்ச்சலுக்கு வீட்டில் கொடுக்கும் முதல் மருந்து, காது கொடுத்துக் கேட்பது. இதற்குப் படிப்பு வேண்டாம். பணம் வேண்டாம்.

எதிரே நிறுத்தி "சொல்லு, என்ன விஷயம்?" என்று மிரட்டினால் பிள்ளை வாய் திறக்காது. கூட உட்கார்ந்து வேலை செய்யும்போது, கடைக்கு நடந்து போகும்போது, தானாகப் பேச்சு வரும். பேசத் தொடங்கினால் குறுக்கே பேசாதீர்கள். "இதெல்லாம் ஒரு கஷ்டமா? நாங்கள் படாத கஷ்டமா?" என்று சொல்லாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். "நீ சொன்னது நல்லது. என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்" என்று சொல்லுங்கள்.

தன்னை யாரோ தப்பாகத் தொட்டார்கள் என்று பிள்ளை சொன்னால் உடனே நம்புங்கள். "வெளியே சொல்லாதே" என்று வாயை அடைக்காதீர்கள். தப்பு பிள்ளையுடையது அல்ல. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் காக்க 2012இல் போக்சோ என்ற சட்டம் வந்தது. இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

"செத்துப் போகலாம் போல இருக்கிறது" என்று பிள்ளை சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று அன்பாக, நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சொல்ல ஆள் கிடைத்ததே என்று பாரம் குறையும். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். பூச்சி மருந்து, மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். பரீட்சை முடிவு வரும் நாளில் வீட்டில் ஒருவராவது பிள்ளையோடு இருங்கள். பெயில் ஆனால் மறுபடி எழுதலாம்.

பள்ளியில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு

"வாத்தியாரிடம் போய்ப் பேச நமக்கு என்ன தெரியும்?" என்று பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம்.

2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. பிள்ளையை அடிக்கக் கூடாது, மனம் நோகத் துன்புறுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பேர் பெற்றோர்கள். பாதிப் பேர் பெண்கள். அதாவது உங்களைப் போன்றவர்களுக்காகவே போட்ட குழு அது.

2020இல் மத்திய அரசு பள்ளி நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பிள்ளைகளின் உடல் நலம், மன நலம் பற்றிச் சொல்லித் தர ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் இன்னொரு உத்தரவு போட்டது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் இடங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. மார்க்கை வைத்துப் பிள்ளைகளை எல்லோர் எதிரிலும் அவமானப்படுத்தக் கூடாது என்றும் சொன்னது.

உத்தரவு தாளில் இருந்தால் போதாது. அடுத்த கூட்டத்தில் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

1. நம் பள்ளியில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் யார்? அவர்கள் பெயர் பிள்ளைகளுக்குத் தெரியுமா?
2. ஆலோசகர் வருகிறாரா? வருவது எந்த நாள்?
3. அடி, கேலி, கிண்டல் பற்றிப் பிள்ளைகள் யாரிடம் சொல்வது?

தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நாலைந்து தாய்மார்கள் சேர்ந்து போங்கள்.

சுவரில் எழுத வேண்டிய இரண்டு எண்கள்

முதல் எண் 1098. பத்து, ஒன்பது, எட்டு. எண்களைத் தலைகீழாகச் சொல்வது போல. சின்னப் பிள்ளைக்கும் மறக்காது. 1996இல் மும்பையில் தெருவில் வாழ்ந்த பிள்ளைகளுக்கு உதவத் தொடங்கிய போன் சேவை இது. பிறகு நாடு முழுவதும் பரவியது. இன்று அரசு நடத்துகிறது. ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு உதவ ஆள் அனுப்புவார்கள். பிள்ளையே போன் செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரரும் செய்யலாம்.

இரண்டாவது எண் 14416. இதன் பெயர் டெலி மானஸ். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கியது. மனக் கஷ்டத்தைச் சொல்லி ஆலோசனை கேட்கலாம். தமிழிலும் பேசலாம்.

இரண்டும் இலவசம். இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் இந்த எண்களைப் பிள்ளை கண்ணில் படும் இடத்தில் நீங்களே எழுதி வையுங்கள்.

ஆஸ்பத்திரி என்றால் பயம் வேண்டாம்

"மனநல டாக்டரிடம் போனால் பைத்தியம் என்பார்கள். நாளைக்குக் கல்யாணம் ஆகுமா?" இந்தப் பயத்தால் பலர் வீட்டுக்குள்ளேயே மறைக்கிறார்கள். மறைத்தால் முற்றிப் போகும். கோயிலுக்கோ தர்காவுக்கோ சர்ச்சுக்கோ போய் வேண்டிக்கொள்வது உங்கள் நம்பிக்கை. அதோடு டாக்டரையும் பாருங்கள்.

முன்பெல்லாம் மனநல சிகிச்சைக்குப் பெரிய நகரத்துக்குத்தான் போக வேண்டும். 1980களில் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் புது முயற்சி ஒன்று செய்து பார்த்தது. சாதாரண சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்தது. அது பலன் தந்தது. அதைப் பார்த்து 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. இன்று பெரும்பாலான மாவட்டங்களில் இது இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனையில் கேளுங்கள். ஆஷா ஊழியரைக் கேட்டாலும் வழி சொல்வார்.

போனவுடன் மாத்திரை தருவார்கள் என்று எண்ண வேண்டாம். பல பிள்ளைகளுக்குப் பேச்சு ஆலோசனையே போதும். மாத்திரை கொடுத்தால் டாக்டர் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது. பிள்ளையை வார்டில் சேர்க்க நேர்ந்தாலும் 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. சிறுவர்களைப் பெரியவர்களோடு ஒன்றாக வைக்கக் கூடாது. கூடத் துணைக்கு ஆள் இருக்க வேண்டும்.

தாய்மார்களே, பெரியவர்களே, இன்று ராத்திரி வேலை எல்லாம் முடிந்த பிறகு பிள்ளையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். மார்க்கைப் பற்றிக் கேட்க வேண்டாம். "இன்றைக்குப் பள்ளியில் யாரோடு விளையாடினாய்?" என்று கேளுங்கள். பிறகு அது சொல்வதைக் கேளுங்கள்.

மையத்தில் பேசிப் பாருங்கள்

1. உங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்ட பிள்ளை உண்டா? காரணத்தை யாராவது கேட்டார்களா?
2. உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்?
3. 1098, 14416. இந்த இரண்டு எண்களையும் பார்க்காமல் எழுதுங்கள்.