பதில் வந்த பிறகும் கேட்டவர்கள்



நெதர்லாந்து செல்வ நாடு. சீரான நிர்வாகத்துக்குப் பெயர் பெற்ற நாடு. அந்த நாட்டு அரசு, குழந்தைகளுக்கென்று கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டே ஆயிரக்கணக்கான குடும்பங்களை நிலைகுலைய வைத்தது. அதைத் தோண்டி எடுத்தது அந்நாட்டு நாடாளுமன்றம். அதற்கு இடம் கொடுத்ததும் அதே நாடாளுமன்றம்தான். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

அங்கே வேலைக்குப் போகும் பெற்றோர் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டால், செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்கும். வருமானம் குறையக் குறைய அரசின் பங்கு கூடும். மீதியைப் பெற்றோர் கட்ட வேண்டும். அப்போது பணத்தை வரித்துறை முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் பிறகு கணக்குப் பார்த்தது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒரு தாய் வேலைக்குப் போக இந்தத் தொகைதான் வழி.

2013-ல், பல்கேரியாவிலிருந்து ஆட்களை அழைத்துவந்து உதவித்தொகைகளைச் சுருட்டிய ஒரு கும்பலின் மோசடி வெளியானது. நாடே கொதித்தது. நாடாளுமன்றமும் கொதித்தது. ஏமாற்றுகிறவர்களைப் பிடியுங்கள் என்ற குரல் எல்லாப் பக்கமும் எழுந்தது. வரித்துறை வேட்டையில் இறங்கியது. மாட்டியவர்கள் யார்? ஒரு கையெழுத்தை விட்டவர்கள். ஒரு காகிதத்தைத் தொலைத்தவர்கள். தம் பங்கில் சில நூறு யூரோவைக் கட்டாமல் விட்டவர்கள். அவர்களிடம் அந்தச் சில நூறைக் கேட்கவில்லை. ஆண்டு முழுவதற்கும் கொடுத்த தொகையையே திருப்பிக் கட்டச் சொன்னார்கள். பள்ளிக் கட்டணத்தில் நூறு ரூபாய் பாக்கி என்பதற்காகப் பிள்ளை ஓராண்டு படித்ததே செல்லாது என்று சொல்வதைப் போன்றது அது. பல்லாயிரம் யூரோ கடன் ஒரே கடிதத்தில் வீட்டு வாசலுக்கு வந்தது. தவணையிலாவது கட்டுகிறேன் என்று கெஞ்சியவர்கள் பலருக்கு அதுவும் இல்லை. வேண்டுமென்றே தவறு செய்தவர், அல்லது மிகுந்த அலட்சியம் காட்டியவர் என்று கோப்பில் ஒரு முத்திரை விழுந்துவிட்டால் தவணைக்கு வழியே கிடையாது.

இன்னொரு கொடுமையும் இருந்தது. யாரைச் சந்தேகிப்பது என்று பிரித்த கணினி முறை, விண்ணப்பித்தவர் நெதர்லாந்துக் குடியுரிமை உடையவரா என்பதையும் கணக்கில் எடுத்தது. அது சட்டத்துக்குப் புறம்பானது, பாகுபாடு காட்டுவது என்று அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் தீர்த்துச் சொன்னது. புலம்பெயர்ந்து வந்த குடும்பங்கள்தான் அதிகம் அடிபட்டன.

யாருக்குமே தெரியாமலா இருந்தது? தெரிந்தது. எவா கொன்சாலஸ் பெரஸ் என்ற வழக்கறிஞர் இந்தப் பெற்றோருக்காக ஆண்டுக்கணக்கில் போராடினார். 2017 ஆகஸ்டில் தேசியக் குறைதீர்ப்பு அதிகாரி 232 குடும்பங்களின் வழக்கை எடுத்துக்கொண்டு, வரித்துறை நடந்துகொண்டது தவறு, ஈடு கொடுங்கள் என்று அறிக்கை தந்தார். அதற்கும் முன்பே, அதே ஆண்டு மார்ச்சில், வரித்துறைக்கு உள்ளேயே சட்ட ஆலோசகராக இருந்த சாண்ட்ரா பால்மன் என்ற பெண்மணி, நாம் செய்தது பிழை, இழப்பீடு தர வேண்டும் என்று மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்பு அலமாரிக்குள் போனது. வெளியுலகம் அதைப் பார்த்தது 2020-ல். மூன்று ஆண்டுகள், அவையோரே! அந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை வீட்டில் சாமான்களை ஜப்தி செய்திருப்பார்கள்?

அந்நாட்டு நாடாளுமன்றத்தில் இரண்டு பேர் இதை விடவில்லை. ஒருவர் ரென்ஸ்கே லெய்டன், எதிர்வரிசையில் இருந்த சோசலிஸ்ட் கட்சிக்காரர். மற்றவர் பீட்டர் ஒம்ட்சிக்ட். அவருடைய கட்சி அப்போது ஆளும் கூட்டணியில் இருந்தது. தன் கட்சி அமைச்சர்களும் அமர்ந்திருக்கும் அமைச்சரவையை நோக்கித்தான் அவர் கேட்டார். பதில் வந்தால், அந்தப் பதிலுக்குள்ளிருந்து அடுத்த கேள்வி. காகிதத்தைக் காட்டுங்கள் என்றார்கள். 2019-ல் பெற்றோருக்குக் கிடைத்த கோப்புகளில் பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசியிருந்தது. இவர்களோடு இரண்டு செய்தியாளர்களும் சேர்ந்து கிளறினார்கள். அந்த டிசம்பரில் பொறுப்பில் இருந்த இணை அமைச்சர் மென்னோ ஸ்னெல் பதவி விலகினார். பின்னால் வெளிவந்த அமைச்சரவைக் கூட்டக் குறிப்புகளைப் படித்தால், ஒம்ட்சிக்டின் கேள்விகளால் அமைச்சர்கள் எவ்வளவு எரிச்சலடைந்தார்கள் என்பது தெரிகிறது. எந்த நாட்டிலும் ஆளும் கட்சி உறுப்பினருக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் எளிது. அவர் அந்த எளிய வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் அவரைப் பெரிதும் மதிக்கிறேன்.

2020 நவம்பரில் கிறிஸ் வான் டாம் தலைமையிலான நாடாளுமன்ற விசாரணைக் குழு, அதிகாரிகளையும் அமைச்சர்களையும் பிரதமர் மார்க் ருட்டேயையும் உறுதிமொழி எடுக்க வைத்து விசாரித்தது. டிசம்பர் 17-ல் அறிக்கை வந்தது. இதுவரை காணாத அநீதி என்பது அதன் தலைப்பு. அந்தக் குழு அரசாங்கத்தைக் குற்றம் சொல்வதோடு நிற்கவில்லை. இவ்வளவு கடுமையான சட்டத்தை இயற்றிய நாடாளுமன்றத்தையும் குற்றம் சொன்னது. ஆண்டுக்கணக்கில் அதே கடுமைக்கு ஒப்புதல் கொடுத்த நிர்வாக நீதிமன்றங்களையும் குற்றம் சொன்னது. ஒரு சபை தன் கையையே பார்த்து, இதிலும் கறை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தது. இந்த வரலாற்றில் நான் தலைவணங்கும் இடம் அது.

2021 ஜனவரி 15-ல் அமைச்சரவை முழுவதும் விலகியது. இரண்டு மாதத்தில் தேர்தல் வந்தது. அடுத்த அமைச்சரவைக்கும் ருட்டேதான் பிரதமரானார். ஆகவே பதவி விலகலைப் பெரிய தண்டனையாக நான் எண்ணவில்லை. பாதிக்கப்பட்ட பெற்றோருக்கு 30,000 யூரோ என்று அறிவித்தார்கள். வேலையும் வீடும் போனவர்களுக்கு அந்தத் தொகை எந்த மூலைக்கு? அதையும் வாங்க வரிசையில் ஆண்டுக்கணக்கில் நின்றார்கள்.

குழந்தைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் குடும்பங்களிலிருந்து 2015-க்கும் 2020-க்கும் இடையே 1,115 குழந்தைகள் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டு அரசின் பராமரிப்புக்குப் போனார்கள் என்று அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் 2021-ல் கணக்குக் கொடுத்தது. பிறகு அந்த எண்ணிக்கை இன்னும் உயர்ந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் இந்தக் கடன்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் கடனும் வறுமையும் சண்டையும் ஒரு வீட்டுக்குள் எப்படிப் புகுந்தன என்பதற்கு அந்தக் கடிதங்கள் சாட்சி. எந்த இழப்பீட்டாலும் திருப்பித் தர முடியாதவை அந்த ஆண்டுகள்.

இந்த உதவித்தொகைக்கான சட்டம் மேசைக்கு வந்தபோதே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்: சிறு பிழை செய்கிற ஏழைக்கு இதில் என்ன ஆகும்? 2005-ல் அந்தச் சட்டம் நிறைவேறியபோது அந்தக் கேள்விக்கு உரிய எடை கிடைக்கவில்லை. பதினைந்து ஆண்டு கழித்து விசாரணைக் குழு கேட்டது.

இங்கே நம் எல்லாருக்கும் ஒரு தொகுதி உண்டு, அதற்கு ஓர் உறுப்பினர் உண்டு. அடுத்த முறை அவர் உங்கள் ஊருக்கு வரும்போது, எத்தனை பேருக்கு உதவி கொடுத்தோம் என்ற கணக்கை அவரே சொல்வார். நீங்கள் மற்றதைக் கேளுங்கள்: உதவிப் பட்டியலிலிருந்து யாருடைய பெயரை நீக்கினார்கள், எந்தக் காரணத்துக்காக நீக்கினார்கள், அந்தக் கோப்பை அவையில் கேட்டு வாங்கினீர்களா? பதில் சொன்ன பிறகும் கேளுங்கள்.