மாமியின் ஆறு மணிப் பாட்டும் எங்கட கொங்கிரீட் காதலும்

(லண்டன் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நகரம், இசை, தலைமுறைகளின் ரசனை, இந்த மூன்றையும் சேர்த்துக் கதைக்கச் சொல்லிக் கேட்டீங்கள். அடுத்த மாதம் எங்கட பகுதியில ஒரு தொடர்மாடிக் குடியிருப்பை இடிக்கிறதா இல்லையா எண்டு வாக்கெடுப்பு வருது. நாங்கள் கதவு தட்டப் போறம். அதனால அந்தக் கதவுகளை மனசில வைச்சுக்கொண்டே கதைக்கிறன்.

துண்டுப்பிரசுரத்தின் முதல் வரைவைப் பார்த்தேன். முன்பக்கத்தில் கட்டடத்தின் கறுப்பு வெள்ளைப் படம். "எங்கள் கொங்கிரீட் பாரம்பரியத்தைக் காப்போம்" எண்டு கொட்டை எழுத்து. படம் வடிவாத்தான் இருக்கு. எனக்கும் அந்தக் கட்டடம் பிடிக்கும். ஆனால் ஒன்பதாம் மாடியில இருக்கிற மாமிக்கு அதைக் காட்டினபோது அவ சொன்னது: "பிள்ளை, உமக்கு இது படம். எனக்குச் சுவரில பூஞ்சணம்."

எங்கட அப்பா அம்மாவின் தலைமுறைக்கு நல்ல வீடு எண்டால் தனி வாசல், பின்வளவு, கார் விட இடம். முன்தோட்டத்தைக் கல்லுப் பதிச்சு மூடுவினம். குளிர் வந்தால் கறிவேப்பிலைச் சாடியை உள்ளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவினம். நாங்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறம். எங்களுக்குப் பிடிச்சது கார் இல்லாத தெரு, சைக்கிள் பாதை, கொங்கிரீட் கோபுரம். ஆனால் லிஃப்ட் பழுதான நாளில அரிசி மூட்டையோட மாடி ஏறின ஆளுக்குத் தனி வாசல் பெரிய ஆறுதல். மாதாமாதம் வாடகை ஏறுமோ எண்டு பயந்து வாழுற உங்களுக்கோ, கவுன்சில் கட்டின கோபுரம் ஒரு சாட்சி: அரசு ஒருகாலத்தில் சாதாரண சனத்துக்கு வீடு கட்டியது என்பதற்கு. இரண்டு ரசனைக்கும் பின்னால அவரவர் பட்ட பாடு இருக்கு.

இனி, ரசனையை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் எண்டு பாருங்கோ. கிழக்கு லண்டன் பொப்லரில் நடந்து போகக்கூடிய தூரத்தில் இரண்டு கட்டடங்கள். ஒன்று எர்னோ கோல்ட்ஃபிங்கர் வடிவமைத்து 1967இல் முடிந்த பால்ஃப்ரன் கோபுரம். மற்றது ஸ்மித்சன் தம்பதியர் வடிவமைத்து 1972இல் முடிந்த ரொபின் ஹூட் கார்டன்ஸ். பால்ஃப்ரன் 1996இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமானது. பிறகு வாடகைக்கு இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகள் புதுப்பிக்கப்பட்டுத் தனியார் சந்தைக்குப் போயின. ரொபின் ஹூட் கார்டன்ஸைக் காப்பாற்ற உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்களே குரல் கொடுத்தார்கள். பாதுகாப்புக் கிடைக்கவில்லை. 2017இல் இடிப்புத் தொடங்கியது. அதில் ஒரு துண்டை விக்டோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகம் வாங்கி, 2018இல் வெனிஸில் காட்சிக்கு வைத்தது.

ஒரு கட்டடம் தப்பியது, ஒன்று தப்பவில்லை. இரண்டிலும் வாடகைக்கு இருந்த சனம் தங்கட வீட்டை விட்டுப் போகத்தான் வேண்டியிருந்தது.

இசையிலும் இதே கதைதான். கிரைம் இசை 2000களின் தொடக்கத்தில் பொப்லருக்குப் பக்கத்திலுள்ள போ பகுதியின் தொடர்மாடிகளில் வளர்ந்தது. எஃப்.எம். அலைக்கு உயரம் வேணும். அதனால் அனுமதியில்லாத வானொலிக்காரர் கோபுரக் கூரைகளில் அன்ரெனா பூட்டினார்கள். 1994இல் அப்படித் தொடங்கிய றின்ஸ் எஃப்.எம். உரிமம் பெற்றது 2010இல். டிஸ்ஸி ராஸ்கல் 2003இல் மெர்க்குரி விருது வாங்கினார். ஆனால் 2005இலிருந்து லண்டன் பொலிஸ், 'படிவம் 696' எண்ட ஒன்றை வைத்து, என்ன வகை இசை வாசிக்கப்போகிறார்கள் என்று நிகழ்ச்சி நடத்துவோரிடம் கேட்டது. அது 2017இல்தான் கைவிடப்பட்டது. இசைக்கு விருது குடுத்த அதே நகரம், அதை உண்டாக்கின பெடியளைச் சந்தேகத்தோட பார்த்தது.

எங்கட ஆளும் இதில இருக்கிறா. மிச்சமில் ஒரு கவுன்சில் குடியிருப்பில் வளர்ந்த எம்.ஐ.ஏ., 2005இல் வந்த முதல் இசைத்தொகுப்புக்குத் தகப்பனின் இயக்கப் பெயரையும் 2007இல் வந்த இரண்டாவதுக்குத் தாயின் பெயரையும் வைத்தா. அந்தப் பாட்டுகளை எங்கட வீடுகளில 'இரைச்சல்' எண்டு நிற்பாட்டச் சொன்ன தாய் தகப்பன்மார் எத்தனை பேர்!

திரும்ப மாமியிட்ட வாறன். படிக்கட்டுக்குக் கீழ பெடியள் பாட்டுப் போடுறாங்கள், நித்திரை இல்லை எண்டு அவவுக்குக் கோபம். அதே மாமி காலமை ஆறு மணிக்குக் கந்தசஷ்டி கவசத்தைச் சத்தமாப் போடுவா. பக்கத்து வீட்டில இரவு வேலை முடிச்சு வந்து படுக்கிற பெடியனுக்குக் கோபம். இரண்டு பேருக்கும் நடுவில இருக்கிறது ஒரு மெல்லிய சுவர். ஒருத்தருக்கு எதிரா ஒருத்தர் முறைப்பாடு எழுதினால், இந்தக் கட்டடம் சரிவராது எண்டு சொல்லத்தான் அது உதவும். இரண்டு பேரும் சேர்ந்து கேட்க வேண்டியது: சத்தம் கடக்காத சுவரும், பெடியள் பாட்டுப் போட ஒரு மண்டபமும்.

அதனால என்ர முன்மொழிவு இது. பிரசுரத்தின் முன்பக்கத்தில படம் வேண்டாம், கேள்விகள் போடுவம். திரும்பி வாற உரிமை எழுத்தில் இருக்கா? அதே வாடகையா? அதே எண்ணிக்கை அறைகளா? கட்டி முடியும் வரை எங்க இருக்கிறது? இடிக்காட்டி, பூஞ்சணத்தை எப்ப திருத்துவினம்?

வாக்கு யாருக்கு எண்டதையும் தெளிவாப் போடவேணும். மேயரின் நிதியில் சமூக வீடுகளை இடித்துக் கட்டும் பெரிய திட்டங்களுக்கு 2018இலிருந்து லண்டனில் இந்த வாக்கெடுப்பு கட்டாயம். கவுன்சில், வீட்டுவசதிச் சங்க வாடகைக்காரருக்கு 16 வயதிலிருந்தே வாக்கு உண்டு, ஆனால் ஒப்பந்தத்தில் பெயர் இருக்கவேணும். ஒரு வருசமாவது அங்கேயே வசிக்கிற வீட்டுச் சொந்தக்காரருக்கும் உண்டு. தனியாரிடம் அறை எடுத்து இருப்பவருக்கு, ஒரு வருசமாவது கவுன்சில் வீட்டுப் பட்டியலில் பெயர் இல்லையெண்டால் வாக்கு இல்லை. அப்படி இருக்கிற எங்கட ஆக்கள் அங்க கனபேர். அவையின்ர கதவையும் தட்டவேணும். அவைக்கு என்ன நடக்கும் எண்ட கேள்வியும் பிரசுரத்தில இருக்கவேணும்.

இவ்வளவும் செய்த பிறகும் மாமி "இடிக்கட்டும்" எண்டு வாக்குப் போடலாம். அது அவவின்ர வீடு, அவவின்ர முடிவு. எல்லாம் தெரிஞ்சு போடுறாவா எண்டதுதான் எங்கட வேலை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தொடங்குவம். தமிழ், வங்காளம், சோமாலி மூன்றும் தெரிஞ்ச ஆக்கள் வேணும். ஒன்பதாம் மாடிக்கு நான் போறன். லிஃப்ட் வேலை செய்தால் இன்னொராளும் வரலாம்.