வைகை அணையில் 66 அடி என்றால் உங்களுக்கு என்ன?

தேனி மாவட்டம் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற வைகை அணைக்குப் பூங்கா பார்க்கப் போயிருப்பீர்கள். 1959-ல் திறந்த அணை. அதன் அடியில் ஒரு சின்ன பவர் ஹவுஸ் இருப்பதைக் கவனித்தவர்கள் குறைவு. தலா 3 மெகாவாட்டில் இரண்டு இயந்திரங்கள், மொத்தம் 6 மெகாவாட். அவ்வளவுதான்.

இதே பெரியாற்றுத் தண்ணீர் மேலே லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து குழாயில் இறங்கும்போது 168 மெகாவாட் வரை கொடுக்கிறது. அங்கே உயரம் அதிகம். பிறகு கம்பம் பள்ளத்தாக்கு வயல்களை நனைத்துவிட்டு வைகை அணைக்கு வந்து, போகிற வழியில் மறுபடியும் கொஞ்சம் கரண்ட் தருகிறது. "கரண்ட் எடுத்துட்டா தண்ணியில சத்து போயிடும்"னு ஊரில் இன்னும் சொல்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. டர்பைன் வாங்கிக்கொள்வது பாய்கிற தண்ணீரின் ஆற்றலை மட்டும்தான். தண்ணீர் அப்படியே வெளியே வந்துவிடும்.

இந்த பவர் ஹவுஸுக்காக யாரும் தண்ணீர் திறப்பதில்லை. பாசனத்துக்கோ, குடிநீருக்கோ, சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கோ திறக்கும் தண்ணீரில்தான் அது ஓடுகிறது. அதனால் "கரண்ட்டுக்குத் திறந்தது கொஞ்சம்தானே, குளிக்கலாம்" என்று கணக்குப் போடாதீர்கள். இயந்திரத்துக்குள் போகிற அளவு ஒன்று. வெள்ளக் காலத்தில் மதகு வழியாக வருவது வேறு.

அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. மூன்றாவதுக்குப் பிறகு, அணைக்கு வருகிற தண்ணீரை வழக்கமாக உபரியாக ஆற்றில் விட்டுவிடுவார்கள். 66-க்கும் 69-க்கும் நடுவில் வெறும் மூன்றடி. மலையில் நல்ல மழை பெய்தால் அது சீக்கிரம் ஏறிவிடும். எச்சரிக்கை தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டக் கரையோரத்துக்கும் சேர்த்துத்தான். அணைப் பக்கம் சங்கு ஊதுவது மதுரையில் உங்களுக்குக் கேட்காது. ஆறு அதுவரை வறண்டு கிடக்கும், மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள்.

அங்கேதான் கையில் இருக்கிற போன் உதவும். அரசின் 'டி.என். அலர்ட்' செயலியில் மழை நிலவரமும் அணைகளின் நீர்மட்டமும் தமிழிலேயே வரும். லொகேஷன் அனுமதி கொடுத்து, நோட்டிஃபிகேஷனை அணைக்காமல் வையுங்கள். முதல் எச்சரிக்கை வந்ததுமே மணலில் கட்டிய ஆடு மாட்டை அவிழ்த்து மேடேற்றுங்கள், ஆற்றில் போட்ட மோட்டாரை எடுத்துவிடுங்கள். மூன்றாவது வந்தால் யானைக்கல் மாதிரி தரைப்பாலங்கள் வழியாக வண்டியை விடவே விடாதீர்கள். செல்ஃபிக்கும் அதேதான்.

வாட்ஸ்அப்பில் அணை திறக்கிற வீடியோ வந்தால் முதலில் தேதியைத் தேடுங்கள். தேதி இல்லாத வீடியோவை நான் நம்புவதே இல்லை. போன வருஷத்து வெள்ளம் ஒவ்வொரு மழைக்கும் திரும்ப வருகிறது. சந்தேகம் இருந்தால் 1077, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. வேறு மாவட்டத்திலிருந்து கூப்பிடுகிறீர்கள் என்றால் அந்த ஊர் எஸ்.டி.டி. எண்ணை முன்னால் சேர்க்க வேண்டும், மதுரைக்கு 0452. மாநில அறைக்கு 1070. பேசும்போது ஊர்ப் பெயரோடு ஆற்றின் எந்தக் கரை என்பதையும் சொல்லுங்கள்.