பச்சிளங்குழந்தையின் மஞ்சள் காமாலை

(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், ஏரி மராமத்து என்றே பேசிப் பழகிய நாம் இன்று தொட்டிற் குழந்தையைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். முடிச்சூரிலும் அகரம்தென்னிலும் மதுரப்பாக்கத்திலும் பிரசவங்கள் இன்று மருத்துவமனையிலேயே நிகழ்கின்றன. ஆயினும் தாயும் சேயும் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பிவிடுகின்றனர். காமாலை உச்சமடைவதோ பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில். ஆகவே அதை முதலிற் காண்பவர் டாக்டர் அல்லர், வீட்டாரே.

நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 60 பேருக்கு மஞ்சள் தோன்றும். பழைய சிவப்பணுக்கள் சிதைந்து பிலிரூபின் என்னும் மஞ்சட்பொருள் உண்டாகிறது. முதிராத ஈரலால் அதை விரைந்து வெளியேற்ற இயலுவதில்லை. நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை தாய்ப்பால் ஊட்டினால் பலருக்கு அது மலத்தோடு கழிந்துவிடும். சர்க்கரைத் தண்ணீர் வேண்டா. அளவு மிஞ்சினாலோ மூளையிற் படிந்து, செவிட்டுத்தன்மையும் கைகால் முடக்கமும் உண்டாகும். பின்னர் அதை மாற்ற வைத்தியம் இல்லை.

பிள்ளை பெற்ற அறையை இருட்டாக வைப்பது நம் வழக்கம். அங்கே மஞ்சள் தெரியாது. குழந்தையை வாயிற்புற வெளிச்சத்திற்குக் கொணர்ந்து, நெற்றியை விரலால் மெல்ல அழுத்தி விட்டுப் பாருங்கள். பிறந்த 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் தோன்றினாலும், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளித்தாலும், குழந்தை பால் குடியாமல் துவண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் 108 வண்டியை அழையுங்கள். தாயின் இரத்தம் நெகட்டிவ் வகையாகவோ ஓ வகையாகவோ இருந்தால் இரட்டிப்பு விழிப்பு தேவை.

இளவெயிலிற் காட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. 1956-இல் இங்கிலாந்தின் ரோச்போர்டு மருத்துவமனையில் வார்ட் என்னும் செவிலியர், வெயிலிற் கிடத்திய குழந்தையின் மேனி வெளுத்து, துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாயிருக்கக் கண்டார். அதிலிருந்தே ஒளிச் சிகிச்சை பிறந்தது. ஆனால் வெயிலை அளந்து கொடுக்க முடியாது, உடல் சுடும், அல்லது குளிரும், நாளும் வீணாகும். மருத்துவமனையின் நீல விளக்கோ அளவறிந்தது. அரசு மருத்துவமனையில் இச்சிகிச்சைக்குக் கட்டணமில்லை.

சூடு போடுதலும் கீழாநெல்லிச் சாறு புகட்டுதலும் பச்சிளங்குழந்தைக்கு அறவே கூடா. பெட்டியில் அந்துருண்டையிட்டு வைத்த பழந்துணியையும் உடுத்தாதீர்கள்; பிறவியிலேயே இரத்த அணுக்களில் ஒரு நொதி குறைந்த குழந்தைகளுக்கு அதன் ஆவியே அணுக்களைச் சிதைக்கும்.

அடுத்த கிராம சபையில் கிராம சுகாதாரச் செவிலியரை இதுபற்றிப் பேச அழைக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். பாட்டிமார்களை முன்வரிசையில் அமர்த்துங்கள், தீர்மானிப்பவர்கள் அவர்களே.

இன்னுமொன்று: 14 நாள் கடந்தும் மஞ்சள் நீங்காமல், மலம் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் அது பித்தக்குழாய் அடைப்பாகலாம். 60 நாளுக்குள் அறுவைச் சிகிச்சை செய்தால் பலன் மிகுதி. ஆகவே அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.